ஐந்து அரிசி எடையும் ஒரு தண்ணீர் லாரியும்

அந்த வியாழக்கிழமை நடந்தவை, நடந்த வரிசையில்:

1. காலை ஒன்பது மணி. என்ஜின் அணைந்திருந்தது. ஊஞ்சல் நிற்கும் இடத்தை ஜீரோ என்று பதிவு செய்தேன்.
2. ஒன்பதரைக்கு என்ஜின் பற்றிக்கொண்டது. கண்ணாடி ஜன்னலில் நீல வெளிச்சம்.
3. பத்து மணிக்கு உந்துவிசை 11.5 மில்லிநியூட்டன். எங்களுக்குத் தேவை 12.
4. பதினோரு மணிக்கு 12.4. இடையில் யாரும் எதையும் தொடவில்லை.
5. ரகு மைசூர்பாகு வாங்க ஆள் அனுப்பினார்.
6. பன்னிரண்டு மணிக்கு என்ஜினை அணைத்தோம். ஊஞ்சல் ஜீரோவுக்குத் திரும்பாமல் 0.9இல் நின்றது. சூடாக இருக்கிறது, ஆறட்டும் என்றேன்.
7. நாலு மணிக்கு ஆறிவிட்டது. ஊஞ்சல் காலையில் இருந்த அதே இடத்துக்கு வந்துவிட்டது.
8. ஐந்து மணிக்கு 12.4 என்று அறிக்கை எழுதி, கையெழுத்துப் போட்டு, வாடிக்கையாளருக்கு அனுப்பினேன்.
9. 12.4 தவறு.

ஒன்பதாவது வரியைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து நாள் ஆனது. திங்கட்கிழமை இந்தக் கூடத்தில் வேலைக்குச் சேரப்போகும் உங்கள் மூன்று பேருக்கும் இதை எழுதுவது அந்த ஐந்து நாளைப் பற்றிச் சொல்லத்தான்.

ஆறு வருடம் சேம்பருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, வடிவமைப்புப் பிரிவில் சேர மாடிக்குப் போகிறேன். "அபிராமி ரிட்டயர் ஆகுறா" என்று ரகு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பதினெட்டுப் படி ஏறுவதற்குப் பெயர் ஓய்வு என்றால், இருக்கட்டும். பம்ப்பை எந்த வரிசையில் போடுவது, வாயுக் குழாயை எப்படிச் சுத்தம் செய்வது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. அதை நான் திரும்ப எழுதப்போவதில்லை.

ஆனால் வீட்டில் உங்களை "என்னதான் வேலை?" என்று கேட்பார்கள். சொல்வதற்கு வசதியாக இதை வைத்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் மேலே போன பிறகு மெல்ல மெல்லத் தன் உயரத்துக்கு ஏறுவதற்கு ஒரு சின்ன மின் என்ஜின் வேண்டும். அது ஸெனான் என்ற வாயுவை மின்சாரத்தால் பின்பக்கம் வீசி எறிகிறது. அதன் தள்ளல் எவ்வளவு தெரியுமா? ஒரு ஏ4 தாளை நான்காகக் கிழித்து, ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்தால் கை உணரும் எடை. அவ்வளவுதான். அதை அளக்க, காற்றே இல்லாத இரும்பு சேம்பருக்குள் என்ஜினை ஒரு ஊஞ்சலில் தொங்கவிடுகிறோம். என்ஜின் தள்ளினால் ஊஞ்சல் தலைமுடி அளவுகூட இல்லாத தூரம் நகரும். அதை ஒரு சென்சார் படிக்கும். அந்த நகர்வுதான் நம் பிழைப்பு.

12.4க்கும் 11.5க்கும் உள்ள வித்தியாசம் ஐந்து அரிசியின் எடை. அந்த ஐந்து அரிசியில்தான் எங்கள் நான்கு வருட உழைப்பு நின்றது. பெங்களூரில் ஒரு நிறுவனம் செயற்கைக்கோள் கட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரே ஒரு என்ஜினுக்கு இடம். பன்னிரண்டுக்கு மேல் காட்டினால் அந்த இடம் எங்களுக்கு. காட்டாவிட்டால் வேறு யாருக்கோ. அடுத்த வெள்ளிக்கிழமை அவர்கள் உட்கார்ந்து முடிவு செய்வார்கள் என்று இருந்தது. நிறுவனத்தில் அப்போது நாங்கள் பதினொரு பேர். விண்ணில் பறந்த என்ஜின் என்று சொல்லிக்கொள்ள எங்களிடம் ஒன்றும் இல்லை.

ரகுவைப் பற்றி ஒரு வார்த்தை. நிறுவனத்தை நடத்துபவர். கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் சீனியர். வியாழக்கிழமை மாலையே வெள்ளைப் பலகையில் சிவப்பு மையால் பெரிதாக 12.4 என்று எழுதி, சுற்றிலும் கோலம் மாதிரி ஏதோ போட்டு வைத்திருந்தார்.

திங்கட்கிழமை காலை ஸெனான் சிலிண்டர் மாற்றும் வேலை. என்ஜினைப் போடவில்லை. ஊஞ்சல் பதிவை மட்டும் அணைக்க மறந்துவிட்டேன். பதினோரு மணிக்குத் திரும்பி வந்து திரையைப் பார்த்தால், கோடு மேலே ஏறியிருந்தது. பத்தரையில் ஆரம்பித்து, மெதுவாக ஏறி, 0.9இல் போய் நேராக நின்றிருந்தது.

என்ஜின் அணைந்திருக்கிறது. ஊஞ்சலை யாரோ தள்ளிக்கொண்டிருப்பதாகக் கணினி சொல்கிறது.

நம் கூடத்தின் வெற்றிட வேலை முழுவதும் ஸ்டீபன் அண்ணா பொறுப்பு. படப்பைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம் அவருக்கு. இங்கே வருவதற்கு முன் ஐஸ் பேக்டரியில் கம்ப்ரஸர் பார்த்தவர். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பேய் இன்னா மேடம், காலைலயே வந்துடுச்சா?" என்றார்.

"சிரிக்காதீங்க அண்ணா. வியாழக்கிழமையும் இதே நேரம்தான் ஏறுச்சு."

அவர் சிரிப்பை நிறுத்தினார்.

சந்தேகப் பட்டியல் போட்டேன். ஏசி. பம்ப்பின் அதிர்வு. ஒரகடம் சாலையில் போகும் டிரெய்லர்கள். ஊஞ்சலுக்குப் போகும் கம்பிகள். ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தோம். மே மாத வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, ஏசி இல்லாமல் ஒரு மணி நேரம். கோடு அசையவில்லை. பட்டியலில் இருந்த எல்லாவற்றின் மீதும் கோடு போட்டுவிட்டு நான் உட்கார்ந்திருந்தபோது, ஸ்டீபன் அண்ணா டிபன் பாக்ஸ் கழுவப் போய்விட்டுக் கழுவாமலே திரும்பி வந்தார்.

"பக்கத்து கிச்சன்ல சம்ப்புல தண்ணி இறங்கிடுச்சாம் மேடம். பைப்பு திறந்தா வெறும் காத்துதான் வருது. அந்தம்மா என்கிட்ட கத்துது, ஏதோ நான் குடிச்ச மாதிரி."

மணி மூன்றரை. நான் திரையைப் பார்த்தேன். கோடு இறங்கியிருந்தது. கிட்டத்தட்ட காலையில் இருந்த இடத்துக்கே.

அந்த மாதம்தான் நம் சுவருக்கு அந்தப் பக்கத்து ஷெட்டுக்கு ஒரு கேட்டரிங் கிச்சன் வந்திருந்தது. ஒரகடம் தொழிற்சாலைகளுக்குச் சமைத்து அனுப்புகிறவர்கள். அவர்களுக்காக ஷெட் முதலாளி சுவரை ஒட்டியே தரைக்கடியில் பெரிய தொட்டி ஒன்று கட்டிக் கொடுத்திருந்தார். தினமும் பத்தரைக்குத் தண்ணீர் லாரி வந்து அதை நிரப்பும். மத்தியானம் தொழிற்சாலைகளிலிருந்து பாத்திரங்கள் திரும்பி வந்ததும், கழுவிக் கழுவித் தொட்டி காலியாகிவிடும்.

பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் பன்னிரண்டு டன். அவ்வளவு எடை சுவரோரம் உட்கார்ந்தால் தரை அந்தப் பக்கம் துளி சாயும். தரை சாய்ந்தால் சேம்பர் சாயும். சேம்பர் சாய்ந்தால் ஊஞ்சல் சுவர்ப் பக்கம் ஒதுங்கும். எங்கள் என்ஜினும் ஊஞ்சலைச் சுவர்ப் பக்கம்தான் தள்ளிக்கொண்டிருந்தது.

நான் முடிச்சூர்க்காரி. கார்த்திகை மாதம் வானம் கறுத்தாலே, வெள்ளத்துக்குப் பயந்து ஸ்கூட்டரை மேட்டுப் பக்கமாக நகர்த்துகிற வீடு எங்களுடையது. தண்ணீர் எதை வேண்டுமானாலும் நகர்த்தும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் சேம்பருக்குள் துளிக் காற்றுகூட இல்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்த நான், சுவருக்கு வெளியே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை.

சந்தேகம் என்பது வேறு, உறுதி என்பது வேறு. செவ்வாய்க்கிழமை காலை, என்ஜினைப் போடாமல் பதிவை மட்டும் ஓடவிட்டேன். ஸ்டீபன் அண்ணா போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே லாரிக்காகக் காத்திருந்தார். நான் திரைக்கு முன்னால். லாரி டிரைவர் பெயர் ஏழுமலை.

"மேடம், லாரி வந்துடுச்சு. ஊத்தச் சொல்லவா?"

"வேணாம் அண்ணா. ஊத்தாம பத்து நிமிஷம் சும்மா நிக்கட்டும்."

போனில் அவருக்குப் பின்னாலிருந்து ஏழுமலையின் குரல் கேட்டது. "இன்னாபா இது பேஜாரு? தண்ணிய கொண்டாந்து ஊத்தாம நிக்கறதுக்கு ஒரு ஆளா? இன்னும் நாலு லோடு கீது எனக்கு."

லாரி ரோட்டோரம்தான் நின்றது, சுவரை விட்டுத் தள்ளி. கோடு அசையவில்லை. லாரி குற்றவாளி இல்லை.

"இப்ப ஊத்தச் சொல்லுங்க."

இரண்டு நிமிடத்தில் கோடு தலை தூக்கியது.

"நிறுத்தச் சொல்லுங்க."

"யோவ் ஸ்டீபனு, உள்ள இன்னாதான்யா பண்ணிகினு கீறாங்க?"

கோடு நின்றது.

"மறுபடி ஊத்தச் சொல்லுங்க."

ஏறியது. மூன்று முறை செய்தோம். மூன்று முறையும் குழாய் சொன்னபடி கோடு கேட்டது. தொட்டி நிறைந்தபோது திரையில் 0.9.

ஏழுமலை பொறுக்கமுடியாமல் வாசலுக்கே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுத் திரையை எட்டிப் பார்த்தார்.

"இது இன்னா மேடம், ஈசிஜியா?"

"நீங்க ஊத்துன தண்ணிதான் அண்ணா இது."

நான் விளக்கினேன். கவனமாகக் கேட்டார். "அப்டீன்னா அன்னிக்கு உங்க ராக்கெட்டு பாஸ் பண்ணது என் லோடாலதான்."

"ஆமாண்ணா."

"ஸ்வீட்டு குடுத்தீங்களாமே. எனக்கு ஒரு துண்டு கூட வரல?"

அவர் போன பிறகு வியாழக்கிழமைப் பதிவைத் திறந்தேன். அணைத்த நொடியில் ஊஞ்சல் 12.4இலிருந்து 0.9க்கு விழுந்திருக்கிறது. அதாவது என்ஜின் தள்ளியது 11.5தான். என் முன்னாலேயே, என் கையெழுத்திலேயே இருந்தது. சூடு என்று ஒரு சொல் போட்டு அதை மூடியிருந்தேன். காலையில் ஒரு ஜீரோ, ஆறிய பிறகு ஒரு ஜீரோ, இரண்டும் பொருந்தினால் அன்றைய அளவு சரி என்பது எங்கள் விதி. நான் விதியைப் பிசகாமல் கடைப்பிடித்தேன். பாத்திரம் கழுவுகிறவர்களும் தங்கள் வேலையைப் பிசகாமல் செய்ததால் இரண்டு ஜீரோவும் பொருந்தின.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். விசை ஏறிய அந்த ஒரு மணி நேரத்தில் கூடத்தில் ஐந்து பேர் இருந்தோம். ஏன் ஏறுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. "சூடாகி செட் ஆகுது" என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் தலையாட்டினோம். அது நடக்கக்கூடியதும்தான். அதே 0.9 இறங்கியிருந்தால்? சேம்பரைத் திறந்து, கம்பி கம்பியாகப் பிரித்து, சாயங்காலத்துக்குள் காரணத்தைப் பிடித்திருப்போம். நாங்கள் திறமை இல்லாதவர்கள் அல்ல. எண் எங்களுக்குப் பிடித்த பக்கமாக நகர்ந்தது. அவ்வளவுதான் எங்களுக்கும் உண்மைக்கும் நடுவில் இருந்த தடை.

அன்று ரகு பன்னிரண்டே காலுக்கு வந்தார். பெருங்களத்தூர் சிக்னலில் முக்கால் மணி நேரம் நின்ற கோபம் முகத்தில் இருந்தது. என்னைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தார்.

"சொல்லாத. உன் மூஞ்சிய பார்த்தாலே தெரியுது. எவ்ளோ?"

"பாயிண்ட் நைன்."

"மேலயா, கீழயா?"

"நமக்கு அதிகமா காட்டியிருக்கு. நிஜம் பதினொன்னரை."

"ஒரு தடவையாவது நமக்குக் கம்மியா காட்டித் தொலைக்கக் கூடாதா?"

காரணத்தைச் சொன்னேன். தண்ணீர் லாரி என்றதும் ஸ்டீபன் அண்ணாவைப் பார்த்தார், நான் விளையாடுகிறேனா என்று. அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

ரகு நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "பன்னெண்டுன்னு கேக்குறவங்க உள்ள கொஞ்சம் மார்ஜின் வெச்சிருப்பாங்க அபி. பதினொன்னரைலயும் சாட்டிலைட் மேல ஏறிடும்."

"ஏறிடலாம். ஆனா தெரிஞ்சு எடுக்க வேண்டிய முடிவு அவங்களோடது. நாம தெரியாத மாதிரி இருந்து எடுத்துக் குடுக்க முடியாது."

"வெள்ளிக்கிழமை ரிவ்யூ."

"அதனாலதான் இன்னிக்கே சொல்லணும்."

"இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணி, என்ஜினோட மேக்னட்ட கொஞ்சம் மாத்தி, பன்னெண்டு வந்துடுச்சுன்னா அப்புறம் சொல்லலாமே?"

இந்த யோசனை எனக்கும் காலையில் வந்தது. அதில் பொய் எதுவும் இல்லை. வெறும் தாமதம். அதனால்தான் அது ஆபத்தானது. நாளைக்குச் சரியாகிவிடும் என்று நினைத்து இன்றைக்குச் சொல்லாமல் விட்டது, வெள்ளிக்கிழமை வந்ததும் தானாகவே பொய்யாகிவிடும்.

"பன்னெண்டு வரலன்னா?" என்றேன்.

ரகு எழுந்தார். பலகைக்குப் போய் 12.4ஐயும் கோலத்தையும் சட்டைக் கையாலேயே அழித்தார். சிவப்பு மை சட்டையில் ஒட்டிக்கொண்டது. "போன் போடு. நானும் பக்கத்துல இருக்கேன்."

வாடிக்கையாளர் தரப்பில் என்ஜினுக்குப் பொறுப்பு வசந்தி மேடம். ஓசூர்க்காரர், தமிழ்தான். நான் ஸ்பீக்கரில் போட்டுச் சொன்னேன். அனுப்பிய எண் தவறு, சரியான எண் பதினொன்றரை என்று நினைக்கிறோம், காரணம் இது. முதலில் எண், பிறகுதான் கதை. இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கதையை முதலில் சொன்னால் கேட்பவர்களுக்கு அது சாக்காகத்தான் கேட்கும்.

மறுமுனையிலிருந்து, "தண்ணி லாரியா?"

"ஆமா மேடம்."

"திரும்பச் சொல்லுங்க."

திரும்பச் சொன்னேன்.

"லாரி எத்தனை மணிக்கு வரும்?"

"பத்தரைக்கு."

"அப்ப நாளைக்குக் காலைல ஒன்பதுக்கு நான் அங்க இருக்கேன். லாரிய நிறுத்த வேணாம். நான் பார்க்கணும்."

புதன்கிழமை எட்டரைக்கே வந்துவிட்டார். விடிவதற்கு முன் கிளம்பி, ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் காரை அவரே ஓட்டிக்கொண்டு. என்ஜினைப் போட்டோம். இந்த முறை வேறு மாதிரி அளந்தேன். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை என்ஜினை ஒரு கணம் அணைத்து, ஊஞ்சல் எவ்வளவு விழுகிறது என்று பார்ப்பது. தரை எப்படிச் சாய்ந்தாலும் அந்த ஒரு கணத்துக்குள் அது மாறாது. விழும் அளவுதான் விசை.

பத்து மணிக்கு 11.5. பத்தரைக்குத் தண்ணீர் விழ ஆரம்பித்தது. கோடு ஏறிக்கொண்டே போனது. அணைத்தேன். விழுந்தது 11.5. தொட்டி நிறைந்து திரை 12.4 காட்டியபோதும் விழுந்தது 11.5தான். ஏழு முறை. வசந்தி மேடம் ஏழையும் தன் நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டார்.

அப்போது ஏழுமலை காலி லாரியை விட்டுவிட்டு வாசலில் வந்து நின்றார். ஸ்டீபன் அண்ணா அறிமுகம் செய்துவைத்தார்: "மேடம், இவுருதான் பாயிண்ட் நைன்."

"வணக்கம் மேடம்" என்றார் ஏழுமலை, பெருமையாக.

வசந்தி மேடம் அவ்வளவு நேரத்தில் முதல் முறையாகச் சிரித்தார். பிறகு லேப்டாப்பைத் திறந்து பத்து நிமிடம் கணக்குப் போட்டார். மூடினார்.

"பதினொன்னரை எனக்குப் பத்தாது" என்றார். "மேல ஏற பத்தொன்பது நாள் கூடுதலா ஆகும். முதல் சாட்டிலைட்டுக்கு அவ்ளோ நாள் இல்ல."

மத்தியானம் பக்கத்துக் கிச்சனில் அவருக்கும் சேர்த்துச் சாப்பாடு சொல்லியிருந்தோம். வத்தக்குழம்பு. வசந்தி மேடம் இரண்டாவது முறை குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டே, "இரண்டாவது சாட்டிலைட்ல சோலார் பேனல் பெருசு" என்றார். "கரண்ட் கூடக் குடுக்க முடியும். கூடுதல் கரண்ட்ல இந்த என்ஜின் எவ்ளோ தள்ளும்?"

"இப்ப தெரியாது மேடம்" என்றேன். "ஒரு வாரம் குடுங்க. அளந்து சொல்றேன்."

நாக்கு நுனியில் ஒரு எண் இருந்தது. பன்னிரண்டரை வரும் என்று அடித்துச் சொல்லியிருப்பேன், ஒரு வாரத்துக்கு முன்னால் என்றால். எதையாவது சொல்லேன் என்பது போல ரகு மேஜைக்கடியில் என் காலைத் தட்டினார். நான் வாய் திறக்கவில்லை. அந்த ஒரு வாரத்தை வசந்தி மேடம் கொடுத்தார்.

இனி உங்களுக்கு மூன்றே விஷயம். எண் உங்களுக்குப் பிடித்த பக்கமாக நகர்ந்தால் உடனே என்ஜினை அணைத்து, அது எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். கூடத்துக்கு வெளியே வாரத்துக்கு ஒரு முறையாவது ஒரு சுற்று நடந்து வாருங்கள். யார் புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள், என்ன தோண்டுகிறார்கள் என்று பாருங்கள். தவறு என்று தெரிந்த மணியிலேயே போன் செய்யுங்கள், மின்னஞ்சல் எழுதிக்கொண்டு உட்காராதீர்கள். ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதைய நிலவரம். முதல் செயற்கைக்கோள் வேறொரு நிறுவனத்தின் என்ஜினோடு போய்விட்டது. கூடுதல் மின்சாரத்தில் நம் என்ஜின் 12.1 தள்ளுகிறது. வசந்தி மேடம் இரண்டு முறை நேரில் வந்து பார்த்துவிட்டார். இரண்டாவது செயற்கைக்கோளில் அது பொருத்தப்பட்டிருக்கிறது. ஏவும் தேதி இன்னும் வரவில்லை.